குதிரைத் துண்டில் தொலைந்த மோதிரம்

பெரில் கேட்ச்போலின் கோட்டில் இரண்டு பைகள். வலது பை நல்ல பொருளுக்கு, இடது பை குப்பைக்கு. இருபத்து நான்கு வருஷத்தில் இடது பையை அவள் கணவன் லென் ஏழு தடவை தைத்துக் கொடுத்திருக்கிறான். வலது பையின் தையல் கடையில் வாங்கிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைத் தேடும் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு வயல் வயலாக நடக்கிறவர்களின் பிழைப்பை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அவளை ரகசியப் பணக்காரி என்று நினைத்துக்கொள்வார்கள். "பானை நிறைய தங்கம் கிடைச்சிருக்குமே" என்று கண்ணடிப்பார்கள். பெரில் மறுக்க மாட்டாள். "ஆமா, சமையல்கட்டுல அடுக்கி வெச்சிருக்கேன், அடுப்பு மூட்ட எடத்தக் காணோம்" என்பாள். உண்மையில் கிடைத்ததெல்லாம் ஆட்டுக் கழுத்து மணி, ஈயக் குண்டு, பெல்ட் கொக்கி, எந்தக் காலத்து உழவனோ கோட்டிலிருந்து உதிர்த்த பித்தான், ராஜா முகம் தேய்ந்து உருளைக்கிழங்கு மாதிரி ஆகிவிட்ட செம்புக் காசு. எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் சில்லறைக்காக இரண்டாக வெட்டிய வெள்ளிக் காசில் ஒரு பாதி. மறு பாதியை அவள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள். ஊசி ஒடிந்த ரோமானியக் காலத்து ஆடைக்கொக்கி ஒன்று மட்டும் அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. அங்கே இழுப்பறையில் அவள் பெயரெழுதிய அட்டையோடு அது கிடக்கிறது. பிறந்தநாள் வந்தால் பஸ் ஏறிப் போய் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவாள்.

அறுபத்தெட்டு வயது. குள்ளம், அகலம், சத்தமான குரல். முப்பத்து மூன்று வருஷம் மெல்டிங்கம் பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டினாள். இங்கிலாந்தில் சஃபோக்கின் இந்த மூலையில் இன்றைக்கு ஐம்பது வயதில் இருக்கும் எந்த ஆம்பளையைக் காட்டினாலும், அவன் எந்த சீட்டில் உட்கார்ந்தான், வளைவுகளில் எத்தனை தடவை வாந்தி எடுத்தான் என்று சொல்லிவிடுவாள். அதனால் ஊரில் அவளிடம் யாரும் ரொம்பப் பெரிய மனிதனாக நடந்துகொள்வதில்லை.

காலையும் மாலையும் ஐம்பது பிள்ளைகளின் கூச்சலை முதுகில் சுமந்து ஓட்டியவளுக்கு வயல்தான் வாய்த்த சொர்க்கம். அறுப்பு முடிந்து தாளடி மட்டும் நிற்கிற நிலம். காதில் ஹெட்ஃபோன். அதற்குள் மண்ணுக்கடியில் இருக்கும் ஏதோ ஒன்று மெல்ல முனகும் சத்தம். மண்டியிட்டுத் தோண்டுவாள், எடுப்பாள், குழியை மூடிக் குதிகாலால் அழுத்துவாள். தோண்டிய இடம் தெரியக் கூடாது. அந்த விஷயத்தில் அவளுக்கு அப்படி ஒரு பிடிவாதம்.

ஆனால் சொர்க்கத்துக்கும் சொந்தக்காரர் உண்டு. விவசாயி சம்மதிக்காமல் இங்கே யாரும் வயலில் கால் வைக்க முடியாது. அந்தச் சம்மதத்துக்குப் பெரும்பாலும் காகிதம் கிடையாது, வாய்ச்சொல்தான். டிடெக்டர் சங்கத்தில் ஒருவனுடைய மதிப்பு அவன் கருவியை வைத்து வராது, அவனுக்கு யாருடைய நிலத்தில் நடக்க வாக்கு இருக்கிறது என்பதை வைத்துத்தான் வரும். வாக்கு இல்லாதவன் கருவியை வீட்டில் மாட்டிவைத்துத் தூசி தட்ட வேண்டியதுதான்.

பெரிலுக்கு வாக்குக் கொடுத்தவர் வில்ஃப் ஆல்டஸ். தொண்ணூற்றொன்பதாம் வருஷம் அறுப்பு முடிந்த நேரம், அவர் பண்ணை வீட்டுப் பின்கதவைப் போய்த் தட்டினாள். வில்ஃப் காலுறையோடு வந்து நின்றார். நெடுநெடுவென்று உயரம். பேச்சில் நிறைய, செலவில் குறைய.

"என்ன தேடப் போற?"

"கிடைக்கிறத."

"கிடைக்கிறதெல்லாம் நீயே வெச்சுக்க. எனக்கு ஒரே ஒரு பொருள் வேணும்." அவர் கதவுக்கு வெளியே விரல் நீட்டினார். "அதோ, கொல்லைக்கு அந்தாண்ட இருக்கே, குதிரைத் துண்டுன்னு ஒரு வயல். எழுபத்தாறுல மழையே இல்லாம எல்லாம் கருகிப்போச்சே, அந்த வருஷம். பீட்கிழங்குக்குக் களை கொத்தும்போது என் பொண்டாட்டி கல்யாண மோதிரம் கழண்டு விழுந்துடுச்சு. நல்ல கனமான மோதிரம். இருபத்திரண்டு காரட். ஒரு மாட்ட வித்து வாங்கினேன்."

"தேடிப் பாக்கறேன்."

"அது கிடைக்கிற வரைக்கும் என் பண்ணையில எங்க வேணா நட. கிடைச்சுட்டா அதோட முடிஞ்சுது. மூட்டையக் கட்டிட வேண்டியதுதான். சரியா?"

கை குலுக்கினார்கள். வில்ஃபின் பின்னாலிருந்து ஒரு குரல், "அந்தப் பொண்ண வாசல்லயே நிக்க வெச்சுப் பேசிட்டிரு. டீ குடிப்பியாம்மா?" என்றது. அது வில்ஃபின் மனைவி ஜாய்ஸ். அவருக்கு அப்போது ஐம்பத்தேழு, பெரிலுக்கு நாற்பத்து நான்கு. அன்றிலிருந்து இன்றுவரை ஜாய்ஸுக்கு அவள் "பொண்ணு"தான்.

வியாழக்கிழமை வழக்கம் அப்படி ஆரம்பித்தது. பஸ் ஓட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து வயலுக்குப் போவாள். கை விறைத்ததும் பண்ணை வீட்டுப் பின்கதவில் பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வருவாள். சமையலறை மேஜையில் ஜாய்ஸ் பழைய செய்தித்தாளை விரித்து வைத்திருப்பார். வலது பையில் இருப்பதைக் கொட்டுவாள். ஜாய்ஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டுவார். பிடித்த பித்தானோ கொக்கியோ இருந்தால் ஒரு மிட்டாய் டப்பாவுக்குள் போய்விடும். உலர்பழ கேக் ஒரு துண்டு, டீ இரண்டு கோப்பை. இந்தத் தெருவில் யாருக்கு இடுப்பு எலும்பு மாற்றினார்கள், யார் மருமகள் யாரோடு பேசுவதில்லை என்ற விசாரணை முழுவதும் முடிந்த பிறகு, எழுந்திருக்கும் நேரத்தில் ஜாய்ஸ் கேட்பார்.

"எல்லாம் சரி. எங்க என் மோதிரம்?"

"இன்னும் கிடைக்கல."

"அப்ப அடுத்த வாரம் வா."

இருபத்து நான்கு வருஷம். இந்த மூன்று வரியை மாற்றாமல்.

பெரில் தேடாமல் இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் தேடினாள். ஆனால் குதிரைத் துண்டு ஒரு பொல்லாத வயல். மோதிரம் விழுந்த அதே வறட்சி வருஷத்தில் களை கொத்த வந்த கூலியாட்கள் தாகம் தாங்காமல் டின் டின்னாக பீர் குடித்திருக்கிறார்கள். அந்தக் காலத்து டின்னில் மூடியைக் கிழித்தால் நாக்கு மாதிரி ஒரு தகடும் அதன் தலையில் ஒரு வளையமும் தனியாகக் கையில் வரும். வந்ததை அங்கேயே வீசினார்கள். வயல் பூராவும் டின் வளையம். இரண்டடிக்கு ஒன்று கத்துகிறது. ஓடி ஓடித் தோண்டினால் ஒவ்வொன்றும் யாரோ குடித்துவிட்டுப் போன தாகம்.

கருவியில் இதற்கென்று ஒரு குமிழ் உண்டு. அதைத் திருப்பி வைத்தால் டின் வளையத்தின் மேல் போகும்போது கருவி வாயை மூடிக்கொள்ளும். அதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. மெல்லிய தங்கமும் டின் வளையமும் கருவிக்கு ஒரே குரல்தான். ஒன்றை ஊமையாக்கினால் மற்றதும் ஊமை. சங்கத்தில் சேர்ந்த முதல் மாதமே எல்லோரும் இதைச் சொல்லித் தருவார்கள். பெரிலுக்கும் தெரியும். முதல் வருஷமே இதை அந்த மேஜையில் வைத்து வில்ஃபுக்கு விளக்கமும் சொன்னாள்.

"மெல்லிசு மோதிரமா இருந்தா இந்தக் குமிழத் தொடவே முடியாது. அத்தன தகரத்தையும் தோண்டித்தான் ஆகணும். நல்ல வேளை, உங்களுது கனமானது. கனமான தங்கத்துக்குக் குரல் வேற."

"பின்ன, கனம்னா சும்மாவா?" என்றார் வில்ஃப் நெஞ்சை நிமிர்த்தி. "கைய மேஜையில வெச்சா டொக்குனு சத்தம் வரும்."

ஜாய்ஸ் கேக் வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டி முடித்துத் தட்டை நகர்த்தி வைத்தார்.

அன்று குமிழைத் திருப்பி வைத்த பெரில் அதற்குப் பிறகு அதைப் பழையபடி மாற்றவே இல்லை.

வில்ஃப் போய் நான்கு வருஷம் ஆகிறது. கடைசி மாதங்களில் படுக்கையை ஜன்னலோரம் இழுத்துப் போடச் சொன்னார். அங்கிருந்து பார்த்தால் குதிரைத் துண்டில் பெரிலின் சிவப்புத் தொப்பி போவதும் வருவதும் தெரியும். "அவ இன்னும் தேடுறா பாரு" என்பாராம். அடக்கத்துக்கு அடுத்த வியாழக்கிழமை போவதா வேண்டாமா என்று பெரில் தயங்கிக்கொண்டிருந்தபோது ஜாய்ஸே ஃபோன் பண்ணினார். "கேக் சுட்டாச்சு. நான் ஒருத்தி எப்படித் தின்னு தீர்க்கிறது?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அதற்குப் பிறகு மேஜையில் இரண்டு பேர். பேச்சு கூடியது, சண்டையும் கூடியது. பெரிலுக்கு உடன்பிறந்தவர்கள் கிடையாது. இருந்திருந்தால் இப்படித்தான் திட்டியிருப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றும்.

பண்ணை இப்போது மகன் நீல் கையில். ஐம்பத்து மூன்று வயது. பஸ்ஸில் மூன்றாவது சீட்டு, ஜன்னலோரம், நான்கு தடவை வாந்தி. அப்பாவின் உயரம் வந்தது, பேச்சு வரவில்லை. நல்லவன்தான். போன குளிர்காலத்தில் யாரோ நான்கு பேர் கேட்காமல் கொள்ளாமல் வேலியைத் தாண்டி வந்து மேய்ச்சல் நிலத்தைக் குழி குழியாகத் தோண்டிப் போட்டுவிட்டுப் போனார்கள். அதில் ஒரு கிடாரி காலை விட்டு ஒடித்துக்கொண்டது. அதை அவனே சுட வேண்டியிருந்தது. அந்த வாரமே பண்ணையை எல்லோருக்கும் மூடிவிட்டான். பெரிலை முற்றத்தில் நிறுத்திச் சொன்னான்.

"மிஸஸ் கேட்ச்போல், உங்களச் சொல்லல. உங்களுக்கு அப்பா வாக்குக் குடுத்திருக்கார். அத நான் மீற மாட்டேன். மோதிரம் கிடைக்கிற வரைக்கும்னு சொன்னார், அது வரைக்கும் நடங்க."

"கிடைச்சப்புறம்?"

"அதோட சரி. அப்புறம் இந்தப் பண்ணையில டிடெக்டர்னு ஒண்ணு நடக்கக் கூடாது. உங்களுக்கு விட்டா சங்கத்துல இருக்கிற அத்தன பேரும் வந்து நிப்பாங்க. யாருக்குன்னு நான் மறுப்பேன்?"

பெரில் தலையாட்டினாள். அவன் சொன்னதில் ஒரு குற்றமும் சொல்ல முடியவில்லை. சொல்ல முடிந்திருந்தால் எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து அவளுக்குத் தர்மசங்கடம். தேட வேண்டும், கிடைக்கக் கூடாது. குதிரைத் துண்டில் நடக்கும்போது கால் தானாக வேலியோரமாகவே போயிற்று. அங்கே கூலியாட்கள் நின்றிருக்க மாட்டார்கள், ஜாய்ஸ் களை கொத்தியிருக்க மாட்டார், மோதிரம் இருக்காது. பிறகு வியாழக்கிழமை மேஜையில் அந்தக் கேள்வி வரும். முகத்தைப் பார்த்து "இன்னும் கிடைக்கல" என்று சொல்ல வேண்டும். சொல்லும்போது நாக்கு கூசும். அடுத்த வாரம் மறுபடி வயலின் நடுவில் போய் நிற்பாள். ஏமாற்றத் தெரியாதவள். பஸ்ஸில் தாமதமாக வந்த பிள்ளைக்காக அரை நிமிஷம் நின்றுவிட்டு, அதையும் பதிவேட்டில் எழுதி வைத்தவள்.

இந்த வருஷம் கோதுமை அறுப்பு முடிந்த இரண்டாம் நாள் அந்தக் குமிழ் தொலைந்தது. வேலி இடுக்கில் கருவியை நுழைத்து இழுத்தபோது முட்செடியில் மாட்டி, தண்டோடு ஒடிந்து எங்கோ விழுந்துவிட்டது. அரை மணி நேரம் நாலு காலில் தவழ்ந்து தேடினாள். பிளாஸ்டிக் குமிழ், எந்தக் கருவிக்கும் கேட்காது. லென்னுக்கு அன்று பூராவும் கொண்டாட்டம்.

"ரோமாபுரிக்காரன் தொலைச்சதக் கண்டுபிடிப்பா, ராஜா தொலைச்சதக் கண்டுபிடிப்பா. தன் குமிழ மட்டும் தொலைச்சுட்டு வந்து நிப்பா."

"சிரிச்சது போதும். இது இல்லாம கருவி எல்லாத்துக்கும் கத்துது. ஆணிக்குக் கத்துது, தகரத்துக்குக் கத்துது."

"உன் மாதிரியே இருக்குன்னு சொல்லு."

அந்த மாதிரி குமிழ் செய்வதை நிறுத்திப் பத்து வருஷம் ஆகிறதாம். புதுக் கருவி வாங்கப் பெரிலுக்கு மனசில்லை. இதன் கைப்பிடி தேய்ந்து அவள் கைக்குப் பதமாகியிருந்தது. சரி, கத்தட்டும் என்று அடுத்த வாரம் அப்படியே எடுத்துக்கொண்டு குதிரைத் துண்டுக்குப் போனாள். நீல் அடுத்த வாரம் விதைக்கப் போகிறான், அதற்குள் ஒரு தடவை முழுக்க நடந்துவிட வேண்டும். கருவி கத்தக் கத்தத் தோண்டினாள். மண்ணில் சுருண்ட ஒன்று, இடது பை. இன்னொன்று, இடது பை. பத்துக்கு மேல் பார்ப்பதையே விட்டுவிட்டாள். அந்தக் குரல் கேட்டால் தகரம்தான். மண்ணோடு அள்ளிப் பைக்குள் தள்ளிவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தாள். சாயங்காலம் வீடு வரும்போது இடது பை தொங்கோ தொங்கென்று தொங்கியது.

இடது பையில் வரும் தகரத்தை லென் வாளியில் போட்டுக் கழுவிச் சேர்ப்பான். மூட்டை நிறைந்ததும் தேவாலயத்துக் கூரை நிதிக்குப் போகும். அவன் பின்கட்டுக் குழாயடியில் உட்கார்ந்து அலசிக்கொண்டிருந்தான். பெரில் உள்ளே சூப்பைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"பெரில், இதுல ஒண்ணுக்கு நாக்கக் காணோம்."

"ஒடிஞ்சிருக்கும்."

"ஒடிஞ்ச எடமும் இல்லையே. சுத்தி வழவழன்னு இருக்கு." குழாயை மூடும் சத்தம் கேட்டது. "பெரில், இங்க வா."

அவன் ஈர உள்ளங்கையில் அது கிடந்தது. மெல்லியது. நூலுக்குக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். மஞ்சளாக, ஒரு கீறல் இல்லாமல், நேற்றுத் தொலைந்தது மாதிரி. தங்கத்துக்கு மண் ஒன்றும் செய்வதில்லை. பெரில் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு உள்பக்கத்தைப் பார்த்தாள். பழுப்பாக ஒரு கோடு. கடையில் வாங்கியபோது மோதிரம் விரலுக்குப் பெரிதாக இருந்ததாம். நகைக்காரர் ஒரு துணுக்கை வெட்டியெடுத்துவிட்டு ஒட்டித் தந்தாராம். ஒட்டின இடம் உள்பக்கம் பழுப்பாக இருக்கும் என்று ஜாய்ஸ் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

அவளுக்கு வந்தது சந்தோஷம் இல்லை, பயம். அதற்குப் பின்னால் வெட்கம் வந்தது. இருபத்து நான்கு வருஷமாக இதன் மேல் எத்தனை தடவை நடந்திருப்பாள்? இது ஒவ்வொரு தடவையும் குரல் கொடுத்திருக்கும். அவள்தான் கருவியின் வாயைப் பொத்தி வைத்திருந்தாள். வில்ஃப் ஜன்னலோரம் படுத்துக்கொண்டு அவள் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாரே, அன்றைக்குக்கூட. பெரில் குழாயடிப் படியில் உட்கார்ந்து அழுதாள். லென் வாளியை நகர்த்திவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

அந்த வியாழக்கிழமை அவள் போகவில்லை. ஃபோன் பண்ணி முட்டிவலி என்றாள்.

"முட்டியா?" என்றார் ஜாய்ஸ். "உனக்கு முட்டின்னு ஒண்ணு இருக்குன்னே இன்னைக்குத்தான் கேள்விப்படறேன்."

மோதிரம் தீப்பெட்டிக்குள் பஞ்சில் கிடந்தது. தீப்பெட்டி அலமாரியில் மாவு டப்பாவுக்குப் பின்னால் கிடந்தது. பெரில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அலமாரியைத் திறந்தாள், மாவு எடுக்கவில்லை.

"திரும்ப மண்ணுலயே போட்டுடலாமா?" என்று லென்னிடம் கேட்டாள். "எடுத்த எடத்துல இல்ல. வேலியோரமா. அம்பது வருஷம் அங்க கிடந்துச்சு, இன்னும் கொஞ்ச நாள் கிடந்தா என்ன?"

"போட்டுட்டு?"

"நடந்துட்டே இருக்கலாம்."

"அந்தம்மா எங்க என் மோதிரம்னு கேக்கும்போது?"

பெரில் அலமாரியைச் சாத்தினாள்.

"அப்படி நீ போட்டுட்டின்னா அந்த வீட்டு டீ உனக்குத் தொண்டையில எறங்காது. எனக்கு உன்னத் தெரியும்," என்றான் லென். "வேற வயல் கிடைக்கும், பெரில்."

"வயல் கிடைக்கும்," என்றாள். வயல் மட்டும் என்றால் அவள் இவ்வளவு யோசித்திருக்க மாட்டாள். அது லென்னுக்கும் தெரியும்.

அடுத்த வியாழக்கிழமை போனாள். நீல் வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்தே போனாள். ஜாய்ஸிடம் தனியாகக் கொடுத்து மூடி மறைக்கச் சொல்வது அவளுக்குப் பிடிக்கவில்லை. வாக்கு பண்ணை கொடுத்தது, பண்ணை பார்க்கத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நீல் மேஜையின் ஒரு கோடியில் காலுறையோடு உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான். செய்தித்தாள் விரித்திருந்தது. கேக் வெட்டியிருந்தது.

பெரில் வலது பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து செய்தித்தாள் நடுவில் வைத்தாள்.

"குதிரைத் துண்டுல கிடைச்சுது," என்றாள். அதற்கு மேல் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று.

ஜாய்ஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். தீப்பெட்டியைத் தள்ளித் திறந்தார். மோதிரத்தை எடுத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனார். எண்பத்தோரு வயது விரல்கள், கணு ஒவ்வொன்றும் வாதநோயில் வீங்கியவை. கட்டைவிரல் நகத்தை மோதிரத்தின் உள்பக்கம் மெல்ல ஓட்டினார். ஓரிடத்தில் நகம் நின்றது. அவர் முதுகு இவர்களுக்குத் தெரிந்தது, முகம் தெரியவில்லை. நீல் மெல்லுவதை நிறுத்திவிட்டான்.

"அம்மா? அதுவா?"

கெட்டில் கொதித்துத் தானாக அணைந்தது. ஜாய்ஸ் திரும்பினார்.

"இல்ல," என்றார். "என்னுது இல்ல."

பெரில் வாயைத் திறந்தாள். "ஜாய்ஸ், உள்பக்கம் ஒட்டு..."

"எல்லா மோதிரத்துலயும்தான் ஒட்டு இருக்கும். நீ காசு பாக்கிறவ, நகை பாக்கிறவ இல்ல." மோதிரத்தை நீல் முன்னால் வைத்தார். "உங்கப்பா மாட்ட வித்து வாங்கினாரே, அது இப்படியா இருக்கும்? முள்ளங்கிக் கட்டுல சுத்துற கம்பி மாதிரி இருக்கு."

நீல் உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தான். அப்பாவின் கனமான மோதிரத்தைப் பற்றி அவன் சின்ன வயசிலிருந்தே கேட்டு வளர்ந்தவன்.

"ஆமா, இதுல என்ன இருக்கு," என்றான். "கைய மேஜையில வெச்சா டொக்குனு சத்தம் வரும்னு சொல்வார். களை கொத்த வந்த பொண்ணு யாராவது தொலைச்சிருக்கும்." மிச்ச சாண்ட்விச்சை வாயில் போட்டுக்கொண்டு எழுந்தான். பூட்ஸை மாட்டும்போது திரும்பிப் பார்த்தான். "நாளைக்குக் குதிரைத் துண்டு விதைச்சுடுவேன், மிஸஸ் கேட்ச்போல். மேற்கால இருக்கிற ரெண்டு வயலும் இந்த மாசக் கடைசி வரைக்கும் சும்மாதான் கிடக்கும். அங்க பாருங்க."

கதவு சாத்திக்கொண்டது. டிராக்டர் கிளம்பி, வாசலைத் தாண்டி, சத்தம் தேய்ந்தது. ஜாய்ஸ் டீ ஊற்றினார்.

"அவர் அன்னிக்கு வித்தது மாடு இல்ல," என்றார். "சைக்கிள்."

பெரில் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"பழைய சைக்கிள். பிரேக் கூட இல்ல. அதுக்கு என்ன மோதிரம் வருமோ அதான் வந்துச்சு. தொலைஞ்சப்புறம் ஊர் பூராவும் கனமான மோதிரம்னு சொல்லிட்டுத் திரிஞ்சார். வருஷா வருஷம் கனம் ஏறிட்டே போச்சு. நான் எதுக்கு நடுவுல புகுந்து மனுஷனக் குறைச்சுப் பேசணும்?"

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே. மெல்லிசுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா குமிழத் தொட்டிருக்க மாட்டேன். முதல் வருஷமே எடுத்துக் குடுத்திருப்பேன்." பெரில் தட்டை ஒதுக்கி வைத்தாள். "வில்ஃப் கண்ணால பாத்திருப்பாரே."

"பாத்திருந்தா எவ்ளோ மெல்லிசா வாங்கியிருக்கோம்னு அவருக்கே வெட்கமாப் போயிருக்கும். விடு." ஜாய்ஸ் மோதிரத்தை விரலில் போட்டுப் பார்த்தார். முதல் கணுவுக்கு மேல் ஏறவில்லை. "முதல்ல அவருக்காகத்தான் வாய மூடிட்டிருந்தேன். அன்னிக்கு நீ குமிழப் பத்திச் சொன்னியே, எனக்குப் புரிஞ்சுது. அப்புறமா தனியாச் சொல்லிடலாம்னுதான் நினைச்சேன்."

"ஏன் சொல்லல?"

"எடுத்துக் குடுத்துட்டுப் போயிருப்ப."

பெரிலுக்கு எதிரே இருந்த கேக் துண்டு கண்ணில் மங்கலாகத் தெரிந்தது. ஜாய்ஸ் தட்டை அவள் பக்கம் தள்ளினார். மோதிரத்தை மிட்டாய் டப்பாவுக்குள் பித்தான்களோடும் கொக்கிகளோடும் போட்டு மூடியை அழுத்தினார். பிறகு, தேவாலயத்து ஆர்கன்காரருடைய இரண்டாவது கல்யாணத்தைப் பற்றி என்ன தெரியும் என்று விசாரித்தார். பெரிலுக்கு நிறையத் தெரிந்திருந்தது.

அடுத்த வாரம் மேற்கே இருக்கும் வயலில் ஒரு ஆட்டு மணியும் இரண்டு பித்தானும் கிடைத்தன. அவற்றை மேஜையில் கொட்டினாள். ஜாய்ஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து புரட்டினார். பித்தானைப் போட டப்பாவைத் திறந்தபோது பெரில் எட்டிப் பார்த்தாள். மோதிரம் அதில் இல்லை. ஜாய்ஸின் கழுத்தில் கறுப்பாக ஒரு பூட்ஸ் கயிறு புதிதாகத் தெரிந்தது. அது ஸ்வெட்டருக்குள்ளே இறங்கிப் போயிருந்தது.

டீ முடிந்தது. ஊர்க்கதையெல்லாம் தீர்ந்தது. பெரில் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள்.

"எல்லாம் சரி," என்றார் ஜாய்ஸ். "எங்க என் மோதிரம்?"

பெரில் அந்தக் கறுப்புக் கயிற்றைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். இந்தத் தடவை நாக்கு கூசவில்லை.

"இன்னும் கிடைக்கல."

"அப்ப அடுத்த வாரம் வா."